பெட்டி உள்ளே இருக்கிறது, தேடினால் வருவதில்லை: பால்புதுமையர் ஆவணப் பட்டியலில் வரும் கோளாறுகளைச் சரிசெய்வது எப்படி?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருநங்கை எங்கள் வாசிப்பறைக்கு வந்தார். எண்பதுகளில் கூவாகத்தில் எடுத்த படங்கள் ஏதாவது இருக்கின்றனவா என்று கேட்டார். அவருடைய குரு இறந்துவிட்டார். இளவயதுப் படம் ஒன்றுகூட அவரிடம் இல்லை. கணினியில் ‘திருநங்கை’ என்று தட்டினேன். ஒன்றும் வரவில்லை. ‘கூவாகம்’ என்று தட்டினேன். அதற்கும் ஒன்றும் வரவில்லை. இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

நான்கு மாதம் கழித்து வேறொரு வேலையாக ஒரு பெட்டியைத் திறந்தபோது, பழுப்பு உறை ஒன்று கிடைத்தது. மேலே நீல மையில் ‘தெ.ஆ. மாவட்டம் – அலிகள் திருவிழா’ என்று எழுதியிருந்தது. உள்ளே 34 கறுப்பு வெள்ளைப் படங்கள். அவருடைய தொலைபேசி எண்ணை நான் வாங்கி வைத்திருக்கவில்லை.

அந்த உறைக்குப் பிறகு எங்கள் பட்டியலை வரிவரியாகப் பார்க்கத் தொடங்கினேன். அப்போது கண்ட கோளாறுகளையும், ஒவ்வொன்றுக்கும் கைகொடுத்த வழியையும் இங்கே எழுதுகிறேன். ஆவணக்காப்பகம், நூலகம், பத்திரிகை அலுவலகத்தின் செய்தி நறுக்குத் தொகுப்பு, தொண்டு நிறுவனத்தின் இரும்பு பீரோ என்று எங்கே வேலை பார்த்தாலும் இது பொருந்தும். உங்கள் பட்டியலில் தெரியும் அறிகுறிக்கு நேராகப் போய்ப் படிக்கலாம்.

கை வைக்கும் முன்

முதலில் பட்டியல் முழுவதையும் ஒரு பிரதி எடுத்துத் தனியே வையுங்கள். கோஹா போன்ற நூலக மென்பொருளில் இருந்தாலும் எக்ஸல் தாளில் இருந்தாலும் இதைச் செய்த பிறகுதான் மற்ற வேலை.

அப்புறம், பழைய விவரத்தை அழிக்காதீர்கள். பார்வையாளர் கண்ணில் படும் இடத்திலிருந்து அதை எடுத்து, உள்குறிப்புப் பகுதிக்கு மாற்றுங்கள். மாற்றிய நாள், மாற்றியவர், காரணம் ஆகிய மூன்றையும் பக்கத்தில் எழுதுங்கள். நம் அலுவலகம் இந்த மனிதர்களை ஒரு காலத்தில் எப்படிப் பார்த்தது என்பதற்கு அந்தப் பழைய வரி சாட்சி. அதே காரணத்தால் உறைமேல் இருக்கும் கையெழுத்தை அடிக்கவோ, ஸ்டிக்கர் ஒட்டி மறைக்கவோ வேண்டாம்.

கீழே வரும் எல்லாக் கோளாறுகளுக்கும் பொதுவாக ஒரு கேள்வியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்தச் சொல்லைச் சொன்னது யார்? ஆவணத்தில் இருக்கும் மனிதர் தன்னைப் பற்றிச் சொன்னதா, வெளியாள் ஒருவர் அவரைப் பற்றி எழுதியதா, அல்லது நம்மில் ஒருவர் பட்டியல் போடும்போது எழுதியதா? பாதிச் சிக்கல் இந்தக் கேள்வியிலேயே தீர்ந்துவிடும்.

அறிகுறி: ஆவணம் இருப்பது உறுதி, தேடினால் வருவதில்லை

இதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. இரண்டு மூன்று சேர்ந்திருக்கும்.

முதல் காரணம், சொற்களின் வயது. எண்பதுகளின் செய்தி நறுக்கில் ‘அலி’ என்றிருக்கும். அதன்பின் வந்தவற்றில் அரவான் கதையிலிருந்து பிறந்த ‘அரவாணி’ இருக்கும். 2008இல் தமிழ்நாடு அரசு நல வாரியம் அமைத்தபோதுகூட அதன் பெயர் அரவாணிகள் நல வாரியம்தான். ‘திருநங்கை’ பரவலாகப் புழங்குவது ஏறத்தாழ அந்த ஆண்டுகளிலிருந்துதான். அப்புறம் பிறப்பில் பெண் என்று பதியப்பட்ட ஆண்களுக்குத் திருநம்பி, இருவருக்கும் பொதுவாகத் திருநர், தன்பாலீர்ப்பாளர் உட்பட எல்லோரையும் சேர்த்துப் பால்புதுமையர் என்ற சொற்கள் வந்தன. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் முன் நடந்த வழக்கின் தொடர்ச்சியாக, தமிழ்நாடு அரசு 2022இல் ஒரு சொற்பட்டியலை அரசிதழிலேயே வெளியிட்டது. இன்று தேட வருபவர் இன்றைய சொல்லைத்தான் தட்டுவார். நம் பட்டியலோ ஆவணத்தின் காலத்துச் சொல்லில் நின்றிருக்கும்.

இரண்டாவது காரணம், இடப்பெயர். கூவாகம் ஊர் மாறவில்லை, மாவட்டம்தான் மாறிக்கொண்டே வந்தது. 1993 வரை தென்னாற்காடு, அதன்பின் விழுப்புரம், 2019இலிருந்து கள்ளக்குறிச்சி. எங்கள் உறைமேல் ‘தெ.ஆ.’ என்று மட்டும் இருந்தது. ஊர்ப்பெயரை யாரும் எழுதவில்லை. கூத்தாண்டவர் கோயில் என்ற பெயரும் இல்லை.

மூன்றாவது காரணம் எழுத்துரு. இதைப் பலரும் கவனிப்பதில்லை. தொண்ணூறுகளிலும் இரண்டாயிரத்தின் முதல் பத்தாண்டிலும் தட்டச்சு செய்த பட்டியல்கள் பல, பாமினி போன்ற எழுத்துருவில் இருக்கின்றன. திரையில் தமிழாகத் தெரியும். கணினிக்குள் அது ஆங்கில எழுத்துகளின் குவியல். தேடுபொறிக்கு அதில் ஒரு தமிழ்ச் சொல்கூடத் தெரியாது. தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றது 2010இல். அதற்கு முந்தைய கோப்புகள் எதையும் சந்தேகத்துடன் பாருங்கள். சோதிப்பது எளிது: ஒரு வரியை நகலெடுத்து கைப்பேசியில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் சரி, பொருளில்லாத எழுத்துகளாக வந்தால் எழுத்துரு மாற்றும் மென்பொருள் மூலம் யூனிகோடுக்குக் கொண்டுவர வேண்டும். யூனிகோடிலேயே இன்னொரு சிக்கலும் உண்டு. ‘ொ’ என்பதைச் சில விசைப்பலகைகள் ஒரே குறியாகவும், வேறு சில ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறியாகவும் பதிக்கின்றன. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். தேடலில் ஒன்று வரும், மற்றது வராது. இதை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும்படி உங்கள் கணினி ஆளிடம் சொல்லுங்கள்; அரைநாள் வேலை.

நான்காவது காரணம், ஆவணம் வேறொரு தலைப்பில் ஒளிந்திருப்பது. திருநம்பிகள் விஷயத்தில் இது மிக அதிகம். ‘திருநம்பி’ என்று தேடினால் எங்களிடம் ஒன்றுமே வரவில்லை. ஆனால் ‘ஆண் வேடமிட்ட பெண்’ என்ற தலைப்பில் பதினோரு நறுக்குகள் இருந்தன, எல்லாம் ‘விநோதச் செய்திகள்’ பெட்டியில். இரண்டு பெண்களின் காதல் ‘தற்கொலை’ என்ற கோப்பில் இருந்தது, ‘தோழிகள்’ என்ற சொல்லுடன்.

சரி, என்ன செய்வது? ஒவ்வொரு பதிவிலும் பார்வையாளருக்குத் தெரியாத, ஆனால் தேடலில் அகப்படும் ஒரு புலத்தை, அதாவது விவரம் நிரப்பும் கட்டத்தை, திறந்துகொள்ளுங்கள். அதில் பழைய சொல், இன்றைய சொல், எழுத்து வேறுபாடு, ஆங்கில ஒலிபெயர்ப்பு எல்லாவற்றையும் போடுங்கள். அலி, ஒன்பது போன்ற வசைகளையும் அங்கே போடத்தான் வேண்டும். வெறுப்பின் வரலாற்றை எழுதுபவருக்கும், பழைய செய்தியைத் தேடும் திருநங்கைக்கும் அந்தச் சொல் வழியாகத்தான் போக முடியும். கண்ணில் அறையாமல் கதவை மட்டும் திறந்தால் போதும்.

சரியாகிவிட்டதா என்று பார்க்க, இருபது இருபத்தைந்து சொற்களை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிவையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றையும் தட்டிப் பாருங்கள். எந்தச் சொல்லில் தேடினாலும் ஒரே பெட்டிகள் வர வேண்டும்.

அறிகுறி: தேடினால் வருகிறது, வசைச்சொல்தான் முதலில் வருகிறது

இங்கேதான் அந்தக் கேள்வி உதவும். சொன்னது யார்?

நம் ஊழியர் எழுதிய தலைப்பு என்றால் தயங்க வேண்டாம், மாற்றுங்கள். ‘அலிகள் திருவிழா’ என்று உறைமேல் எழுதியது படத்தை எடுத்தவர் இல்லை, எங்களிடம் முன்பு வேலை பார்த்த ஒருவர். அதை இப்படி மாற்றினேன்: ‘கூவாகம் கூத்தாண்டவர் கோயில் சித்திரைத் திருவிழாவில் திருநங்கைகள், 34 படங்கள்’. பழைய வரி உள்குறிப்பில் இருக்கிறது.

ஆவணத்தின் சொந்தத் தலைப்பு என்றால் மாற்றக் கூடாது. ஒரு நாளிதழ் தன் தலைப்பில் ‘அலி’ என்று அச்சிட்டிருந்தால், அதை மேற்கோள் குறிக்குள் அப்படியே கொடுங்கள். கீழே நம் சொல்லில் ஒரு விவரம்: ‘திருநங்கைகள் மீது காவல் துறை எடுத்த நடவடிக்கை பற்றிய செய்தி, தலைப்பு நாளிதழுடையது.’ அந்த இதழை நல்ல இதழாகக் காட்டுவது நம் வேலை இல்லை. அதன் சொல்லை நம் சொல்லாக ஏற்றுக்கொள்ளாமல் இருப்பதுதான் நம் வேலை. 2008ஆம் ஆண்டு அரசாணையும் இப்படித்தான்: ‘அரவாணிகள்’ என்ற சொல் தலைப்பில் நிற்கட்டும், விவரத்தில் திருநங்கை, திருநர் என்று வரட்டும்.

மூன்றாவது வகைதான் கடினம். அந்த மனிதரே தன்னைப் பற்றிச் சொன்ன சொல். ஒரு வாய்மொழிப் பதிவில் அறுபது வயதுக்காரர் ஒருவர் ‘நான் அரவாணி, அந்தப் பேர்தான் எனக்குச் சாமி கொடுத்தது’ என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரைப் பற்றிய பதிவில் ‘திருநங்கை’ என்று எழுதினால், மரியாதை என்ற பெயரில் அவர் வாயிலிருந்து சொல்லைப் பிடுங்குகிறோம். அவர் விவரத்தில் அரவாணி என்றே எழுதுங்கள். ஆவணம் எதைப் பற்றியது என்று காட்டும் பொருள் தலைப்பில் திருநங்கைகள் என்று போடுங்கள். ‘கோத்தி’ என்று தன்னைச் சொல்லிக்கொள்பவரைத் திருநங்கை என்றோ தன்பாலீர்ப்பாளர் என்றோ மாற்றுவதும் இதே தவறுதான். கோத்தி என்பது, ஆணாகப் பிறந்து பெண்மையோடு வாழ்பவர்கள் தங்களுக்குச் சொல்லும் தனி அடையாளம். சிலர் அதிலிருந்து திருநங்கையாகிறார்கள், பலர் அதிலேயே வாழ்கிறார்கள்.

‘ஓரினச்சேர்க்கை’ என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். இது எங்கள் பட்டியலில் 60 இடங்களுக்கு மேல் இருந்தது. அந்தச் சொல் மனிதர்களைச் சொல்லவில்லை, ஒரு செயலைச் சொல்கிறது. கவிதை எழுதியவர், தாய்க்குக் கடிதம் எழுதியவர், வழக்குப் போட்டவர் எல்லோரையும் ஒரு படுக்கையறைச் செயலாகச் சுருக்கிவிடுகிறது. நாங்கள் எழுதும் இடங்களில் தன்பாலீர்ப்பு, தன்பாலீர்ப்பாளர் என்று மாற்றினோம். தேடல் புலத்தில் பழைய சொல் இருக்கிறது.

அறிகுறி: சொல் புரிந்த மாதிரி இருக்கிறது, பொருள் தவறாக ஏறியிருக்கிறது

இந்தக் கோளாறைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

திருநங்கையர் பேச்சில் ‘நிர்வாணம்’ என்றால் ஆணுறுப்பை நீக்கும் அறுவைச் சிகிச்சை. சமூகத்துக்குள் அதைச் செய்துவைப்பவர் தாயம்மா. ஒரு வாழ்க்கை முழுவதும் காத்திருந்து போய்ச்சேரும் இடம் அது. எங்கள் பட்டியலில் ஓர் ஒலிநாடாவின் விவரம் ‘நிர்வாணம் பற்றிய பேச்சு’ என்று இருந்தது. யாரோ அதைப் பார்த்து ‘ஆபாசம், பார்வைக்கு இல்லை’ என்று முத்திரை குத்திவிட்டார்கள். பல ஆண்டுகள் அந்த நாடாவை யாரும் கேட்கவில்லை.

‘கடை கேட்டல்’ என்பது கடைகடையாகப் போய்க் கைதட்டிக் காசு கேட்பது. அது ‘சிறு வணிகம்’ என்ற தலைப்பில் இருந்தது. ‘தந்தா’ என்றால் பாலியல் தொழில். அது ஓர் ஆளின் பெயர் என்று நினைத்துப் பெயர்ப்பட்டியலில் சேர்த்திருந்தார்கள்.

எல்லாவற்றிலும் அதிகமாகத் தவறு நடப்பது உறவுச் சொற்களில். ஜமாத் எனப்படும் திருநங்கையர் குடும்ப அமைப்புக்குள் குருவை ‘அம்மா’ என்பார்கள், குருவின் குருவை ‘நானி’ என்பார்கள், சேலாவை, அதாவது சீடரை, ‘மகள்’ என்பார்கள். ‘அன்புள்ள அம்மாவுக்கு’ என்று தொடங்கும் கடிதத்தைப் பார்த்து, ‘பெற்ற தாய்க்கு எழுதியது’ என்று பட்டியல் போட்டால், பெற்ற வீடு துரத்திவிட்ட ஒருவருக்கு இல்லாத ஒரு தாயை உண்டாக்கி, இருக்கிற தாயை மறைத்துவிடுகிறோம். கடிதத்தில் எந்த அம்மா என்று தெளிவாகத் தெரியாவிட்டால், ‘அம்மா என்று விளிக்கப்படுபவருக்கு’ என்று நிறுத்திக்கொள்ளுங்கள். தெரிந்தால் ‘குரு’ என்று உறவுப் புலத்தில் போடுங்கள். உங்கள் மென்பொருளில் தாய், தந்தை, கணவர், மனைவி என்ற நான்கு உறவுகள்தான் இருக்கின்றன என்றால், குரு, சேலா, இணையர் மூன்றையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

இந்தக் கோளாறை உட்கார்ந்த இடத்தில் சரிசெய்ய முடியாது. சமூகத்தைச் சேர்ந்த ஒருவரை அழைத்து, பக்கத்தில் உட்காரவைத்து, நாடாக்களைச் சேர்ந்து கேளுங்கள். அவர் செலவிடும் நேரத்துக்குச் சம்பளம் கொடுங்கள். மொழிபெயர்ப்பாளருக்குக் கொடுக்கும் தொகையை அவருக்கும் கொடுப்பதுதான் முறை. எழுத்தில் உதவி வேண்டுமென்றால், சென்னையின் ஓரினம் என்ற பால்புதுமையர் குழு 2006 முதல் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியிட்டுவரும் கட்டுரைகளும் கவிதைகளும் குடும்பத்தாரின் கடிதங்களும் நல்ல தொடக்கம். எந்தச் சொல்லை யார் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பது அவற்றில் தெரியும்.

அறிகுறி: ஒரே மனிதர், இரண்டு பெயர்

ஒரு தொகுப்பைக் கொடுத்தவர் இன்று ஒரு பெயரில் வாழ்கிறார். உள்ளே இருக்கும் பள்ளிச் சான்றிதழிலும் பழைய படங்களிலும் பிறப்பில் வைத்த பெயர் இருக்கிறது. பட்டியலில் எந்தப் பெயர் வர வேண்டும்?

வாழும் பெயர்தான் தலைப்பு. அவர் பிறந்த ஆண்டைச் சொல்லும் வரியிலும் அதே பெயர்தான். ‘முன்னாள் இன்னார்’, ‘இயற்பெயர் இன்னார்’ என்ற வரிகளை எடுத்துவிடுங்கள். பழைய பெயரைத் தேடல் புலத்தில் போடலாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும். சிலர் அந்தப் பெயரில் கவிதை வெளியிட்டிருப்பார்கள், அது தொலைந்துபோக வேண்டாம் என்பார்கள். சிலருக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே உடம்பு நடுங்கும். சான்றிதழின் மேல் இருக்கும் பெயர் சான்றிதழில் இருக்கட்டும். பட்டியலில் ‘பள்ளி இறுதிச் சான்றிதழ்’ என்று எழுதினால் போதும்.

அவர் இறந்துவிட்டால்? நான் கண்டவரை இங்கேதான் அதிகம் சண்டை வருகிறது. பெற்ற குடும்பம் பழைய பெயரையே வைக்கச் சொல்லும், ‘எங்கள் மகன்’ என்று எழுதச் சொல்லும். அவர் தன் கையால் எழுதிய கடைசிக் கடிதங்கள், அடையாள அட்டை, அவரோடு வாழ்ந்தவர்கள் அழைத்த பெயர், இவற்றைப் பார்த்து முடிவெடுங்கள். தன் பாலின அடையாளத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமை ஒருவருக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று சொல்லிவிட்டது. சாவுக்குப் பிறகு அந்த உரிமையைப் பட்டியல் போடுபவர் பறிக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். குடும்பத்தின் மனக்கசப்பை நேரில் உட்கார்ந்து பேசித்தான் ஆற்ற வேண்டும். பட்டியலில் பெயரை மாற்றி ஆற்றக் கூடாது.

பால் என்ற புலம் உங்கள் பெயர்ப்பதிவில் இருந்தால், அது தேவையா என்று கேளுங்கள். பன்னாட்டு நூலகங்கள் சேர்ந்து நடத்தும் கூட்டுப் பட்டியலாக்கத் திட்டத்தின் பணிக்குழு ஒன்று, பெயர்ப்பதிவுகளில் பாலினத்தைப் பதிவதையே நிறுத்தும்படி 2022இல் பரிந்துரைத்தது. ஒரே பெயருள்ள இருவரைப் பிரித்துக்காட்டப் பிறந்த ஆண்டும் தொழிலும் போதும்.

இனி வினைமுற்று. ஆங்கிலத்தில் பட்டியல் போடுபவர் ஒரு பிரதிப்பெயரோடு தப்பிவிடலாம். தமிழில் ஒருவரைப் பற்றி எழுதும்போது வினைமுற்றும் பாலைச் சொல்லும்: எழுதினான், எழுதினாள். நல்லவேளையாக நமக்கு ‘அவர்’ இருக்கிறது, ‘எழுதினார்’ இருக்கிறது. யாருக்கும் பொருந்தும், மரியாதையும் கூடவே வரும். எங்கள் விதி: ஆவணத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும், அவர் நடிகரானாலும் கைதியானாலும், ‘அவர்’ மட்டுமே. திருநங்கைகளுக்கு மட்டும் ‘அவர்’ போட்டு மற்றவர்களுக்கு அவன், அவள் என்று எழுதினால், ‘அவர்’ என்ற சொல்லே ஒரு முத்திரையாகிவிடும். பழைய விவரங்களில் ‘அது’ என்றுகூட எழுதியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு வரி கண்ணில் பட்டால் அன்றைக்கே திருத்துங்கள், வரிசை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

மகன், மகள், தம்பி, அக்கா போன்ற சொற்களும் பாலைக் காட்டும். ‘மூத்த பிள்ளை’, ‘உடன்பிறந்தவர்’, ‘இணையர்’ என்று எழுதப் பழகினால் வாக்கியம் முறியாது.

அறிகுறி: எல்லாம் எய்ட்ஸ் கோப்பிலோ குற்றக் கோப்பிலோ கிடக்கிறது

இந்தியாவில் எச்ஐவி தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது சென்னையில், 1986இல். தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் 1994இல் உருவானது. அந்தக் காலத்தில் திருநங்கைகளும் தன்பாலீர்ப்பு ஆண்களும் கூடிப் பேச இடமும் பணமும் கிடைத்தது பெரும்பாலும் அந்தத் திட்டங்கள் வழியாகத்தான். அதனால் அழகிப் போட்டி அழைப்பிதழ், நாடகப் பிரதி, பொங்கல் வாழ்த்து, சண்டைக் கடிதம் எல்லாம் ‘எய்ட்ஸ் தடுப்பு’ என்ற கோப்பில் வந்து சேர்ந்தன. காரணம் புரிகிறது. ஆனால் நாடகப் பிரதியின் பொருள் நாடகம்.

வெளிநாட்டு வகைப்பாடுகளும் இந்த விஷயத்தில் சுத்தமானவை இல்லை. நூலகங்கள் புத்தகங்களுக்கு எண் கொடுக்கப் பயன்படுத்தும் டியூவி தசம வகைப்பாட்டில் தன்பாலீர்ப்பு முதன்முதலில் இடம்பெற்றது 1932 பதிப்பில், மனக்கோளாறுகளுக்கான 132லும் பிறழ்வு உளவியலுக்கான 159.9லும். இன்று அது 306.76இல், பாலும் சமூகமும் பற்றிய பகுதியில் இருக்கிறது. உங்கள் நூலகத்தில் பழைய எண்ணில் நிற்கும் புத்தகங்கள் இருந்தால், எண்ணை மாற்றி, முதுகில் புதிய சீட்டு ஒட்டுங்கள்.

பொருள் தலைப்புக்கு ஆங்கிலத்தில் ஒரு நல்ல துணை, ஆம்ஸ்டர்டாமில் 1997இல் தொடங்கிய ஹோமோசாரஸ் என்ற சொற்களஞ்சியம். அதிலிருந்து ஆங்கிலத் தலைப்பை எடுத்து, பக்கத்தில் உங்கள் தமிழ்த் தலைப்பைக் கட்டுங்கள். ஆனால் கோத்தி, ஜமாத், கூவாகம் போன்றவற்றுக்கு நாமே தலைப்பு உண்டாக்கிக்கொள்வதுதான் சரி. அவற்றை ஆங்கிலச் சொல் ஒன்றுக்குள் திணித்தால் வேறொன்றாகிவிடும்.

அறிகுறி: பழங்காலத்தவருக்கு இன்றைய பெயர்

முந்தைய கோளாறுகளைச் சரிசெய்யும் உற்சாகத்தில் நான் செய்த தவறு இது. பழைய இலக்கியத்தில் வரும் ‘பேடி’, ‘பேடு’ எல்லாவற்றுக்கும் ‘திருநங்கை’ என்று தலைப்புப் போட்டுக்கொண்டே போனேன். தொல்காப்பியம் ‘ஆண்மை திரிந்த பெயர்நிலைக் கிளவி’ என்று சொல்லும்போது, அது பேசுவது சொல்லின் ஈறு எதுவாக வரும் என்பதை. ஒருவர் தன்னை எப்படி உணர்ந்தார் என்பதை இல்லை. அந்த மனிதர்கள் தங்களை என்னவென்று சொல்லிக்கொண்டார்கள் என்பதற்கு நம்மிடம் அவர்கள் குரல் இல்லை. எனவே ‘பேடி – பழந்தமிழ் இலக்கியத்தில்’ என்று ஒரு தலைப்பு, அதிலிருந்து திருநர் வரலாற்றுக்கு ஒரு ‘மேலும் காண்க’. இப்போது வழி இருக்கிறது, ஒட்டிய முத்திரை இல்லை.

ஆங்கிலேய அரசின் ஆவணங்களில் இன்னும் கவனம் வேண்டும். 1871ஆம் ஆண்டுக் குற்றப் பழங்குடிகள் சட்டத்தின் ஒரு பகுதி, வட இந்தியாவில் ‘அண்ணகர்’ (ஆண்மை நீக்கப்பட்டவர்) என்று அரசு கருதியவர்களைப் பதிவேட்டில் ஏற்றச் சொன்னது. ஒரு காவல் அதிகாரி அந்தப் பதிவேட்டில் எழுதியது அவருடைய முடிவு. ‘அதிகாரி இவ்வாறு வகைப்படுத்தியுள்ளார்’ என்று விவரத்தில் எழுதுங்கள்.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. இரண்டு பெண்கள் இருபது ஆண்டு ஒரே வீட்டில் வாழ்ந்து, ‘என் உயிரே’ என்று கடிதம் எழுதிக்கொண்டு, ஒருவர் சொத்தை மற்றவருக்கு எழுதிவைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் ‘நெருங்கிய தோழிகள்’ என்று மட்டும் எழுதுவது நடுநிலை ஆகாது. அதுவும் ஒரு முடிவுதான். ஆவணம் சொல்வதை எழுதுங்கள்: ஒரே முகவரியில் வாழ்ந்த ஆண்டுகள், விளிக்கும் சொல், உயில். படிப்பவர் புரிந்துகொள்வார். பொருள் தலைப்பில் ‘பெண்களுக்கிடையிலான உறவு’ என்று போட்டால், தேடுபவர் கைக்கு அது போய்ச்சேரும்.

அறிகுறி: ‘என் பெயரை எடுத்துவிடுங்கள்’ என்று அழைப்பு வருகிறது

உடனே எடுங்கள். இணையத்திலிருந்து அந்தப் பதிவை மறைத்துவிட்டு, அதன்பின் விசாரியுங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். நாம் விசாரித்துக்கொண்டிருக்கும் இரண்டு நாளில் ஒருவருக்கு வேலை போகலாம், வீடு போகலாம்.

2009 டெல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்புக்கும் 2013 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கும் இடைப்பட்ட காலம் தவிர, 2018 செப்டம்பர் 6 வரை, வயதுவந்த இருவரின் விருப்பமான தன்பால் உறவுகூட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவின் கீழ் குற்றம். அதற்கு முன் குழுக்களுக்குக் கடிதம் எழுதியவர்கள், சந்தாக் கட்டியவர்கள், உதவித் தொலைபேசியில் அழைத்தவர்கள், ரகசியம் காக்கப்படும் என்று நம்பித்தான் பெயரைக் கொடுத்தார்கள். தொகுப்பைக் கொடுத்த நிறுவனம் நமக்குக் கையெழுத்துப் போட்டிருக்கலாம். அந்தக் கையெழுத்து இவர்களுடையது ஆகாது. எனவே முகவரிப் பட்டியல், உறுப்பினர் பதிவேடு, அழைப்புக் குறிப்பேடு மூன்றையும் ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றும் வேலையே வேண்டாம். எச்ஐவி நிலை குறிப்பிட்ட தாள்கள் என்றால் 2017ஆம் ஆண்டு எச்ஐவி, எய்ட்ஸ் சட்டமே ஒப்புதலின்றி வெளியிடுவதைத் தடுக்கிறது.

தடை போடும்போது எழுதும் வாசகத்தையும் பாருங்கள். ‘தன்பாலீர்ப்பாளர் என்பதால் பெயர் மறைக்கப்பட்டது’ என்று எழுதிவிட்டு, கோப்பின் தலைப்பில் ஊரையும் தொழிலையும் விட்டுவைத்தால், மறைத்ததற்கு அர்த்தமே இல்லை. ‘தனியுரிமை காரணமாக 2060 வரை பார்வைக்கு இல்லை’ என்று பொதுவாக எழுதுங்கள். மற்றத் தொகுப்புகளுக்கும் அதே வாசகம்.

அறிகுறி: பட்டியல் சரியாக இருக்கிறது, ஆனால் யாரும் வருவதில்லை

வாசிப்பறையின் நுழைவுப் படிவத்தைப் பாருங்கள். ஆண், பெண் என்று இரண்டு கட்டம் மட்டும் இருந்தால், முதல் கோளாறு அங்கேதான். அந்தக் கேள்வியையே எடுத்துவிடலாம். புத்தகம் பார்க்க அது எதற்கு? அடையாள அட்டையில் ஒரு பெயரும் நேரில் வேறொரு பெயரும் இருந்தால், ஊழியர் அட்டையை மௌனமாகப் பார்த்துத் திருப்பிக் கொடுத்து, வந்தவர் சொல்லும் பெயரால் அழைக்க வேண்டும். கழிப்பறை எங்கே என்று கேட்டால் தயங்காமல் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். வாசலில் இருக்கும் காவலாளிக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். வருபவர் முதலில் பார்ப்பது அவரைத்தான்.

அப்புறம் ஒரு நோட்டு. தேடியது கிடைக்காமல் போகிறவர்கள் விரும்பினால் என்ன தேடினார்கள், எந்தச் சொல்லில் தேடினார்கள், எப்படித் தொடர்புகொள்வது என்று அதில் எழுதிவிட்டுப் போகலாம். எங்கள் நோட்டின் முதல் வரியை நானே எழுதினேன். அதில் பெயர் இல்லை, எண் இல்லை: ‘கூவாகம், எண்பதுகள், குருவின் படம்.’ 34 படங்களையும் ஸ்கேன் செய்து, முகம் தெளிவாகத் தெரிபவற்றை இணையத்தில் ஏற்றாமல் வாசிப்பறையில் மட்டும் வைத்திருக்கிறோம். திருநங்கை, அரவாணி, கூவாகம், தென்னாற்காடு என்று எதைத் தட்டினாலும் இப்போது அந்தப் பதிவு முதல் பக்கத்தில் வருகிறது.